ஜிம்னிக்கு லிஃப்ட் கிட்: எவ்வளவு உயரம், எந்த ஸ்பிரிங், கூடவே எவை

வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் தொகுப்பான லிஃப்ட் கிட்டை 50 மி.மீ.க்குப் போட்டால், மாருதி சுசூகி ஜிம்னியின் டிஃப்ரென்ஷியலுக்கு (ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கர உருண்டை) அடியில் இடைவெளி எவ்வளவு ஏறும்? ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. இது தெரியாமல் கிட் வாங்கிவிட்டு, பழைய பாறையிலேயே மறுபடி தட்டி நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

காரணம் எளிது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முழுத் தண்டு. டிஃப்ரென்ஷியல் அந்த ஆக்சிலோடு ஒட்டிய பொருள். அது எந்த உயரத்தில் இருக்கும் என்பதை டயர் மட்டும்தான் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸிஸும் பாடியும் மேலே போகும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தியாவில் விற்ற ஐந்து கதவு ஜிம்னிக்குக் கம்பெனி டயர் 195/80 ஆர்15. அதன் விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் விட்டம் 703, ஆக்சில் ஏறுவது வெறும் 5 மி.மீ. 235/75 ஆர்15 என்றால் 733, ஆக்சில் 20 மி.மீ. ஏறும்.

அதனால் கிட் பட்டியலைத் திறப்பதற்கு முன் வண்டியை ராம்பில் ஏற்றி அடிப்பக்கம் எங்கே கீறல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். டிஃப்ரென்ஷியல் ஹவுசிங்கிலும் பின் ஷாக் அடி பிராக்கெட்டிலும் கீறல் என்றால் உங்களுக்கு வேண்டியது பெரிய டயர். டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) அடியில் போகும் குறுக்குச் சட்டம், கதவுக்குக் கீழே உள்ள ஓரம், இவற்றில் கீறல் என்றால் லிஃப்ட் உதவும். முன் பம்பரின் தாடையில் மட்டும் உரசல் என்றால் பம்பரை மாற்றுவதே போதும், ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம்.

ஐந்து கதவு வண்டிக்கு லிஃப்டினால் உண்மையான லாபம் வயிற்றுப் பகுதியில்தான். வீல்பேஸ் 2,590 மி.மீ. என்பதால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டும் கோணம் 24 டிகிரி. மூன்று கதவு ஜிம்னிக்கு வீல்பேஸ் 2,250, கோணம் 28 டிகிரி. ஐந்து கதவு வண்டியை 50 மி.மீ. தூக்கினால் அந்தக் கோணம் ஏறக்குறைய 4 டிகிரி கூடும். அதாவது மூன்று கதவு வண்டி கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கு இது வந்து சேரும். இன்னொரு லாபம், பெரிய டயருக்கு மட்கார்டுக்குள் இடம் கிடைப்பது.

எவ்வளவு உயரம்

40 முதல் 50 மி.மீ. அதற்கு மேல் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. 50-ஐத் தாண்டியதும் ஒவ்வொரு கூடுதல் 10 மி.மீ.க்கும் புதிதாக ஒரு பாகம் வாங்க வேண்டியிருக்கும்: நீளமான பிரேக் ஹோஸ், ஆக்சிலைச் சேஸிஸோடு பிணைக்கும் ஆர்ம்களுக்கு மாற்று, நீட்டிய ஸ்டெபிலைசர் லிங்க், ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரோப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு வேலை. ஏற்கெனவே உயரமும் ஒடுக்கமுமான வண்டி இது, மொத்த அகலமே 1,645 மி.மீ. எடை மையம் தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், அதை 50 மி.மீ. ஏற்றும்போது வண்டி பக்கவாட்டில் கவிழும் கோணம் சுமார் 2 டிகிரி குறைகிறது. கேட்பதற்குச் சிறிதாகத் தெரியும். ஆனால் சரிவில் குறுக்கே போகும்போது கீழ்ப்பக்க ஸ்பிரிங் அமுங்கி, மேல்பக்க ஸ்பிரிங் விரிந்து, மேலே கேரியரில் சாமானும் இருந்தால், அந்த 2 டிகிரிதான் மிச்சமிருக்கும் பாதுகாப்பு.

பெரிய டயரின் விலையும் இந்தக் கணக்கில் சேரும். 235/75 போட்டால் கியரிங் 5.8 சதவீதம் நீளும். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் 134 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு மலை ஏற்றத்தில் அது தெரியும்; ஐந்தாம் கியர் பல இடங்களில் நிற்காது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-க்கு மேல் ஓடும். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் கனக்கும், கீல் தளரும். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் உள்ளவர்களுக்கு 215/75 டயரும் 40 மி.மீ. லிஃப்டும் நிம்மதியான சேர்க்கை.

எடையை முதலில் எழுதுங்கள்

கிட் தேர்வில் பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். உயரத்தைச் சொல்லி ஸ்பிரிங் கேட்கிறார்கள். ஸ்பிரிங்கை எடையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஏஆர்பியின் ஓல்டு மேன் ஈமு, அயன்மேன் போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகளில் ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று எடை வகையில் ஸ்பிரிங் இருப்பது இதற்காகத்தான். '50 மி.மீ. லிஃப்ட்' என்று பெட்டியில் போட்டிருந்தால், அது எந்த எடைக்கு 50 என்று கேளுங்கள். கனமான முன் பம்பருக்காகச் செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் மூக்கு 70 மி.மீ. வரை தூக்கி நிற்கும், குண்டு குழியில் எலும்பை உலுக்கும். லேசான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டுப் பிறகு பம்பரும் வின்ச்சும் மாட்டினால், கொடுத்த காசுக்கு ஏறிய உயரம் பாதி இறங்கிவிடும்.

ஒரு தாளில் வண்டியில் நிரந்தரமாக இருக்கப்போகும் பொருள்களை எழுதுங்கள். இரும்பு பம்பர் 35 முதல் 50 கிலோ. வின்ச் 25 முதல் 35 கிலோ. கூரை கேரியர் 25 முதல் 30. கூரைக் கூடாரம் 50-ஐத் தாண்டும். 20 லிட்டர் கேனில் தண்ணீர் 20 கிலோ, பெட்ரோல் 15 கிலோ. மாதம் ஒருமுறை ஏற்றும் சாமான்களைத் தனியாக எழுதுங்கள். அவற்றுக்காக ஸ்பிரிங் வாங்கக் கூடாது.

ஆக்சிலுக்கு வெளியே தொங்கும் எடை, உள்ளதைவிடக் கூடுதலாக அழுத்தும். முன் ஆக்சிலுக்கு 700 மி.மீ. முன்னால் 60 கிலோ பம்பரும் வின்ச்சும் இருப்பதாக வையுங்கள். முன் ஆக்சிலில் ஏறுவது 60 பெருக்கல் (1 + 700/2590), அதாவது 76 கிலோ. பின் ஆக்சிலில் 16 கிலோ குறைந்துவிடும். மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் என்றால் முன்பக்கம் சுமார் 19 மி.மீ. இறங்கும். 40 மி.மீ. கிட்டில் மிஞ்சுவது 21. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே எந்த வகை ஸ்பிரிங் என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விற்பவரிடம் ஸ்பிரிங்கின் விறைப்பு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவரிடம், 'ஹெவி டியூட்டி' என்று மட்டும் சொல்கிறவரிடம், வாங்க வேண்டாம்.

இன்னொரு பொறி: சில கிட்களில் இடது, வலது ஸ்பிரிங்குகள் சில மில்லிமீட்டர் உயர வித்தியாசத்தோடு வரும். ஓட்டுநர் உட்காரும் பக்கம் சற்று உயரமான ஸ்பிரிங். இடதுபக்க ஸ்டீயரிங் உள்ள நாடுகளுக்காக அச்சடித்த குறிப்புத் தாளைப் பார்த்து நம் வண்டியில் மாட்டினால் வலப்பக்கம் இரட்டிப்பாகச் சாயும். பாக எண்ணைப் பார்த்து, உயரமானது வலப்பக்கம் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

ஷாக் அப்சார்பர்

ஸ்பிரிங் மட்டும் மாற்றி, கம்பெனி ஷாக்கை வைத்துக்கொள்ளலாமா? ஓடும். ஆனால் வண்டி 40 மி.மீ. ஏறி நிற்பதால் ஷாக் ஏற்கெனவே 40 மி.மீ. விரிந்த நிலையில்தான் நிற்கிறது. கீழ்நோக்கி நீள மிச்சம் அவ்வளவு குறைவு. பள்ளத்தில் சக்கரம் தொங்க வேண்டிய இடத்தில் ஷாக் 'டக்' என்று இழுத்துப் பிடிக்கும், சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். ஆஃப்ரோடுக்காக வண்டியைத் தூக்கிவிட்டு ஆஃப்ரோடு திறனைக் குறைத்துக்கொள்வது இது. மேலும் விறைப்பான ஸ்பிரிங்கை அடக்கும் ரீபவுண்ட் பலம் பழைய ஷாக்கில் இருக்காது. வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தயாரிப்பாளரிடம், ஒன்றுக்கொன்று பொருந்தியதாக வாங்குவது நல்லது.

வகை என்று பார்த்தால், மோனோட்யூப் ஷாக் சூட்டை வேகமாக வெளியே விடும், அலை அலையாக உள்ள மண் சாலையில் நீண்ட நேரம் ஓட்டினாலும் தளராது. அதன் பலவீனம், வெளிக்குழாயிலேயே பிஸ்டன் ஓடுகிறது. கல் அடித்து நசுங்கினால் பிஸ்டன் சிக்கும். ட்வின்ட்யூப் நசுங்கலைத் தாங்கும், ஆனால் எண்ணெய் சூடாகி நுரைத்தால் தணிக்கும் பலம் குறையும். அதையே குறைக்க நுரைப்பஞ்சு வைத்த ஃபோம் செல் வகை வந்தது. பாறை, காடு, மெதுவான ஏற்றம் என்று போகிறவருக்கு ட்வின்ட்யூப் அல்லது ஃபோம் செல் போதும். ரிசர்வாயர் வைத்த விலை உயர்ந்த ஷாக், பாலைவன வேகத்துக்கான பொருள்.

நீளமான ஷாக்கில் கவனிக்க வேண்டியது அது முழுதாக மூடிய நிலையில் உள்ள நீளம். விரியும் நீளம் கூடினால் மூடும் நீளமும் பெரும்பாலும் கூடும். சக்கரம் முழுதாக மேலே வரும்போது பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வருவதை நிறுத்தும் ரப்பர் தடுப்பு) முதலில் தட்ட வேண்டும். ஷாக் முதலில் தட்டினால் உள் வால்வு உடையும், அல்லது மேல் மவுன்ட் கிழியும். சோதிப்பது இப்படி: ஸ்பிரிங்கைக் கழற்றிய நிலையில் ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி, பம்ப் ஸ்டாப் பாதி அமுங்கும்வரை கொண்டுபோங்கள். அப்போது ஷாக் தண்டு இன்னும் 10 முதல் 15 மி.மீ. உள்ளே போக இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் அந்த அளவு ஸ்பேசர் வையுங்கள். கிட் பெட்டியில் பம்ப் ஸ்டாப் ஸ்பேசர் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

கோணங்கள் கலையும்

உயர்த்தியதும் முன் ஆக்சில் சற்றுச் சுழலும். ஜிம்னியின் முன் ஆர்ம்கள் பின்னால் சேஸிஸில் கீலாக மாட்டியிருக்கின்றன. சேஸிஸ் மேலே போனால் ஆக்சில் அந்தக் கீலைச் சுற்றிக் கீழே இறங்கி, கேஸ்டர் கோணம் (பக்கத்திலிருந்து பார்த்தால், முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். கீலிலிருந்து ஆக்சில் வரை ஆர்ம் 700 மி.மீ. என்றால் 50 மி.மீ. லிஃப்டுக்கு இழப்பு சுமார் 4 டிகிரி. உங்கள் வண்டியில் டேப் வைத்து அளந்தால் உங்கள் எண் கிடைக்கும். கேஸ்டர் போனால் வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. 80-க்கு மேல் வண்டி அலையும். பாலத்தின் இணைப்பில் தட்டினால் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கி நிற்காமல் உதறும். ஆனால் உதறலுக்குக் கேஸ்டர் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். பான்ஹார்டு ராடு புஷ் (ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் தண்டின் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம்), கிங்பின் பேரிங், டை ராடு முனை, வீல் பேலன்ஸ் இவற்றை முதலில் பாருங்கள். தேய்ந்திருந்த பாகம் லிஃப்டுக்குப் பிறகுதான் வெளியே தெரியும்.

கேஸ்டரை மீட்க மையம் விலகிய ஆஃப்செட் புஷ், அல்லது நீளமும் கோணமும் திருத்திய மாற்று ஆர்ம். 40 மி.மீ. வரை ஆஃப்செட் புஷ் போதும். பாலியூரித்தேன் புஷ் என்றால் விறைப்பாக இருக்கும், ஆக்சில் முறுக்கத்தை ஓரளவு தடுக்கும். ரப்பர் புஷ் கிடைத்தால் அதுவே மேல். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: கேஸ்டரைக் கூட்ட ஆக்சிலைத் திருப்பும்போது டிஃப்ரென்ஷியலின் மூக்கு கீழே இறங்கி, முன் புரோப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மோசமாகும். முழுக் கேஸ்டரையும் மீட்கப் போனால் நான்கு சக்கர இயக்கத்தில் அதிர்வு வரும். பாதியோ முக்காலோ மீட்டு நிறுத்துவதே நடைமுறை. உயரத்தைக் குறைவாக வைத்தால் இந்த இழுபறியே வராது என்பதையும் கவனியுங்கள்.

பான்ஹார்டு ராடு ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து வைப்பது. வண்டி ஏறினால் ராடு சாய்ந்து ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கும், முன்னும் பின்னும். 50 மி.மீ.க்கு இது 5 முதல் 10 மி.மீ. வரும். முன்பக்கம் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் சாய்ந்து நிற்பதும் இதே குடும்பத்துச் சிக்கல்தான். ஸ்டீயரிங் ராடின் நீளத்தைத் திருத்தி நேராக்கலாம். நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடை வாங்கினால் ஆக்சிலையும் நடுவுக்குக் கொண்டுவரலாம். கிட்டோடு சேர்த்து வாங்க வேண்டியவற்றில் முதலிடம் இதற்கே.

ஏபிஎஸ் ஒயர், பிரேக் ஹோஸ், ஆக்சில் மூச்சுக்குழாய் இந்த மூன்றும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இறுகக் கூடாது. ஒரு விரல் தளர்வு இருக்க வேண்டும்.

மற்ற வண்டிகளில்

தார், ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ், வி-கிராஸ் ஆகியவற்றில் முன்பக்கம் இண்டிபென்டென்ட், அதாவது இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். அங்கே கதை மாறும். டிஃப்ரென்ஷியல் சேஸிஸில் மாட்டியிருப்பதால் லிஃப்டில் அதுவும் மேலே போகும், ஆனால் ஆக்சில் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட் (வளைந்தபடியே சுழலும் இணைப்பு) கோணம் கூடும். 50 மி.மீ.யைத் தாண்டினால் அதன் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் சிதறும், திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். டிஃப்ரென்ஷியலை 25 மி.மீ. கீழே இறக்கும் ஸ்பேசர் கோணத்தைத் திருத்தும். பதிலுக்கு அங்கே கிடைத்த இடைவெளி போய்விடும்.

இந்த வண்டிகளுக்கு ஷாக்கின் மேல் வைக்கும் ஸ்பேசர் வட்டு மலிவாக விற்கிறது. ஷாக், ஆர்மின் நடுவில் மாட்டியிருப்பதால் 10 மி.மீ. வட்டு சக்கரத்தில் ஏறக்குறைய 20 மி.மீ. ஆகும். அதனால் 50 மி.மீ. வட்டைப் போட்டுவிட்டு மேல் பால் ஜாயின்ட் சக்கரம் தொங்கும்போது முட்டுவதைக் காணலாம். நீளமான ஸ்பிரிங்கும் ஷாக்கும் கொண்ட முழு ஸ்ட்ரட்டும், தேவையானால் மாற்று மேல் ஆர்மும் வாங்குவதே சரியான வழி.

ஜிப்ஸி போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டிகளில், பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை 50 மி.மீ. நீட்டினால் வண்டி ஏறுவது பாதி, 25 மி.மீ.தான். பின் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் வைக்கலாம். முன் ஆக்சிலில் ஒருபோதும் வைக்கக் கூடாது, பிரேக் விசையில் அது நகர்ந்து வெளியே வந்துவிடும். சுமைக்கேற்ப பின் பிரேக்கை மாற்றும் வால்வு உள்ள பிக்கப்களில் வண்டி உயர்ந்தால் வால்வு 'காலி வண்டி' என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைக்கும். அதன் பிராக்கெட்டையும் அதே அளவு நகர்த்த வேண்டும்.

மாட்டும் நாளில்

கழற்றுவதற்கு முன், டாங்க் நிரப்பி, சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும்.

மாட்டும் வேலையில் அதிகம் கெடுவது ஆர்ம் புஷ்கள். வண்டி ராம்பில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்களை இறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழியும், ஸ்பிரிங்கும் உண்மை உயரத்துக்கு வராது. சரியான முறை: எல்லா ஆர்ம், பான்ஹார்டு போல்ட்களையும் தளர்த்தி, ஸ்பிரிங், ஷாக் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, நாலு முறை அமுக்கி ஆட்டி, அதன் பிறகே சர்வீஸ் புத்தக அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குவது. மெக்கானிக்கிடம் இதை முன்கூட்டியே சொல்லி, அந்தக் கட்டத்தில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

ஸ்பிரிங்கின் முனை இருக்கையின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நான்கிலும் பாருங்கள். பிறகு ஒரு முன் சக்கரத்தையும் எதிர்ப்பக்கப் பின் சக்கரத்தையும் மேடையில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். டயர் பம்பர் முனையிலோ மட்கார்டு உள் பிளாஸ்டிக்கிலோ ஆர்மிலோ உரசுகிறதா? முன்னே போகும்போது உரசாத டயர் ரிவர்ஸில் உரசும், அதனால் இரண்டையும் செய்யுங்கள். தொங்கும் சக்கரத்தின் ஸ்பிரிங் இருக்கையில் தளராமல் நிற்க வேண்டும்.

அன்றே வீல் அலைன்மென்ட் செய்து, கேஸ்டர் உள்ளிட்ட எண்கள் அச்சான தாளை வாங்கி வையுங்கள். முகப்பு விளக்கைத் தாழ்த்துங்கள். மூக்கு ஏறிய வண்டியின் லோ பீம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். தார் ராக்ஸ் போல முன்கண்ணாடியில் ஓட்டுநர் உதவிக் கேமரா உள்ள வண்டிகளில் அந்தக் கேமராவையும் மறுசீரமைக்க வேண்டும்.

சட்டப் பக்கம்: இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் விபத்துக் கோரிக்கையின்போது பிரச்சினையாகும். பணம் கட்டுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டாரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் விற்காமல் வைத்திருங்கள்.

முதல் 500 கிலோமீட்டரில் எல்லா போல்ட்களையும் மறுபடி டார்க் பாருங்கள். 1,000 கிலோமீட்டருக்குள் புதிய ஸ்பிரிங் 5 முதல் 10 மி.மீ. படியும், இது இயல்பு. அப்போது நான்கு மூலையையும் அளந்து பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட 10 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் ஸ்பிரிங் இருக்கையையும் புஷ்ஷையும் திறந்து பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அந்த ஸ்பிரிங்கைக் கியாரண்டியில் மாற்றக் கேளுங்கள்.